விளக்கேற்றாத நாள்

எடை பார்க்கும் மெஷினில் ஏறுவதற்கு முன் பெண்கள் எதையெல்லாம் கழற்றுவார்கள் என்று என்னைக் கேட்டால் ஒரு பட்டியலே கொடுப்பேன். தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒரு கிளினிக்கில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். நர்ஸ் இல்லை. பதிவு செய்வது, எடை பார்ப்பது, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பையில் போட்டு எப்போது சாப்பிட வேண்டும் என்று தமிழில் சொல்வது, இவ்வளவுதான் என் வேலை. முதலில் கைப்பையைக் கீழே வைப்பார்கள். பிறகு செருப்பு, வளையல், கைக்கடிகாரம். ஓர் அம்மா தாலிச்சரட்டைக் கையில் பிடித்துத் தூக்கிக்கொண்டே ஏறினார். "அது கழுத்துலதான ஆன்ட்டி இருக்கு, தூக்கினா குறையுமா?" என்று கேட்டேன். "முயற்சி பண்ணிப் பாக்கறதுல என்னம்மா?" என்றார். அன்று முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

சிரித்த எனக்கும் உடம்பு ஒன்றும் ஒடிசல் இல்லை. சின்ன வயதிலிருந்தே என்னை வீட்டில் பூசணி என்றுதான் கூப்பிட்டார்கள். கோபம் வரும், ஆனால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பேன். அதனால்தான் என் மகள் பாலிடெக்னிக் சேர்ந்த வருடம் இளைக்கத் தொடங்கியபோது எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. எனக்கு வாய்க்காதது அவளுக்கு வாய்க்கிறது என்று நினைத்தேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது. இருந்தாலும் நினைத்தது நினைத்ததுதான்.

அவள் கைப்பேசியில் எந்நேரமும் பெண்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். காலையில் எழுந்ததிலிருந்து என்ன தின்றோம் என்று காட்டுகிற பெண்கள், தோளெலும்பு தெரியக் கண்ணாடி முன் நிற்கிற பெண்கள், கட்டை விரலையும் நடுவிரலையும் சேர்த்துத் தங்கள் கையையே வளைத்துப் பிடித்துக் காட்டுகிற பெண்கள். "இதுங்களுக்கெல்லாம் அம்மா சோறு போடறதில்லையா?" என்று கேட்பேன். "டிரெண்டு மா, உங்களுக்குப் புரியாது லா" என்பாள். நானும் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

அந்த டிசம்பரில்தான் அவள் ஒரு நாள், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கப் போகிறேன், நாற்பத்தெட்டு நாள் விரதம், ஒரு வேளைதான் சாப்பாடு என்றாள். என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் மனிதர். பெண் போனும் கையுமாகக் கெட்டுப்போகிறாள் என்று புலம்பிக்கொண்டிருந்தவர் அன்றே தேக்காவுக்குப் போய் அவளுக்கு மஞ்சள் சேலை எடுத்து வந்தார். எங்கள் வீட்டில் எதை வேண்டுமானாலும் ஏன் என்று கேட்கலாம். விரதத்தை யாரும் கேட்க முடியாது. சாப்பிடுடீ என்று சொன்னாலே கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் எங்கள் வீட்டில் இல்லை என்று பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் எங்கள் கிளினிக்கில் ஒரு வகைக் கூட்டம் வரும். எல்லாம் பெண்கள். என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "அந்தத் தேதில வந்துரும்போல இருக்குமா, தள்ளிப்போடற மாத்திரை வேணும்" என்பார்கள். டாக்டர் சீனப் பெண்மணி. இதெல்லாம் அவருக்குப் பழக்கம். பரிசோதித்துவிட்டு எழுதிக் கொடுப்பார். நான் பையில் போட்டுக் கொடுப்பேன். அப்படி ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன்.

"உனக்குத் தேதி என்னிக்கு பாப்பா? டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரை வாங்கித் தரவா?"

"வேணாம்மா. வராது."

"அதெப்படி வராதுன்னு சொல்றே?"

"எனக்குத் தெரியும்மா. வராது."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முருகனே தள்ளி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, மாத்திரைக்கு வந்த பெண்களிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். "என் பொண்ணுக்கு மாத்திரையே தேவைப்படல. அவ விரதம் அப்படி." அவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மருத்துவமனை வாசம் பிடித்துப் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள் பேசுகிற பேச்சா அது?

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாதவிலக்கு என்ற சொல்லை நாங்கள் வீட்டில் உச்சரித்ததே இல்லை. ஏழு மணிக்குச் சாமி அலமாரியில் விளக்கேற்றுவது மகளின் வேலை, நான் கிளினிக்கிலிருந்து வர எட்டரை ஆகிவிடும். அவளால் முடியாத நாட்களில் எனக்குப் போனில் ஒரு வரி வரும்: 'மா இன்னிக்கு நீங்க ஏத்துங்க.' அவ்வளவுதான். அப்பாவுக்கும் புரியும், யாரும் எதுவும் கேட்க மாட்டோம். முன்பெல்லாம் என் நாளும் அவள் நாளும் மாறி மாறி வரும், அதனால் என் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு முந்தைய வருடம் எனக்கு நின்றுவிட்டது. வயது நாற்பத்தொன்பது, நிற்கிற வயதுதான். கணக்கு வைக்கும் பழக்கமும் அதோடு நின்றுபோனது.

தைப்பூசத்தன்று அவளோடு நானும் நடந்தேன். சிராங்கூன் சாலைக் கோயிலிலிருந்து தலையில் குடத்தோடு புறப்பட்டவள் பாதி தூரத்திலேயே யாரையும் பார்க்காமல் எங்கோ பார்த்துக்கொண்டு நடந்தாள். உதடு வெளுத்திருந்தது. குடத்தை இறக்கியதும் முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் கை ஐஸாக இருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை. பக்கத்தில் நின்ற ஓர் அம்மா திருநீறு எடுத்து அவள் நெற்றியில் பூசி, "அருள் வந்திருக்கு, தொந்தரவு பண்ணாதீங்க" என்றார். நான் கை கூப்பி நின்றேன். என் மகள் மயக்கம் போட்டுக்கொண்டிருக்கிறாள், நான் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் குளிக்கும்போதோ பஸ்ஸில் வரும்போதோ அந்தக் காட்சி வந்தால் பக்கத்திலிருக்கும் எதையாவது பிடித்துக்கொள்வேன்.

தைப்பூசம் முடிந்தது, விரதம் முடியவில்லை. வெள்ளிக்கிழமை என்றாள். பிறகு செவ்வாயும் சேர்ந்தது. சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம் என்று வீட்டில் மாட்டியிருந்த தமிழ் நாட்காட்டியைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டாள். விரதமில்லாத நாளில், "காலேஜ்லயே சாப்ட்டேன்மா". மார்ச்சில் உறவில் ஒரு கல்யாணம். என் நாத்தனார் அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எப்படி இளைச்சுட்டே, ஹீரோயின் மாதிரி இருக்கே, என்னதான் சாப்புடறே?" என்று கேட்டார். "விரதம் அத்தை" என்றாள் மகள். நாத்தனார் தன் மகளைத் திரும்பிப் பார்த்து, "பாத்துக் கத்துக்கோ" என்றார். நான் பக்கத்தில் நின்று பூரித்துப் போனேன்.

அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் எனக்கு விடுமுறை. ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நானும் கணவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். மகள் விளக்கேற்றிவிட்டுத் தன் அறைக்குள் போனாள். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"பாப்பா இப்பல்லாம் ஒரு நாள்கூட விடறதில்ல பாத்தியா? தினமும் ஏத்திடறா. நல்ல பழக்கம்."

தினமும். அந்தச் சொல் எனக்குள் போய் எங்கோ முட்டியது. 'நீங்க ஏத்துங்க' என்று கடைசியாக எப்போது செய்தி வந்தது? எழுந்து போய் போனை எடுத்து மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். தைப்பூசம் தாண்டிப் போனேன், பொங்கல் தாண்டிப் போனேன், தீபாவளியும் தாண்டியது. செப்டம்பரில் ஒரு செய்தி இருந்தது. அதன் பிறகு இல்லை. குளியலறை அலமாரியைத் திறந்தேன். தீபாவளி நேரத்தில் நான் வாங்கி வைத்த நாப்கின் பாக்கெட் பிரிக்காமல் அப்படியே இருந்தது. அதன் மேல் மெல்லிசாகத் தூசி.

அம்மா புத்தி எங்கே போகும்? முதலில் அங்கேதான் போனது. மறுநாள் கிளினிக்கிலிருந்து கர்ப்பம் பார்க்கிற குச்சி ஒன்றை வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தேன். என்னால் வாயைத் திறந்து கேட்க முடியவில்லை. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து மேசையில் வைத்து, "ஒரு கோடுதான் மா. ஹேப்பியா?" என்றாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. சாமி அலமாரிக்கு முன் போய் விழுந்து கும்பிட்டேன். எழுந்திருக்கும்போதுதான், அப்படியென்றால் வேறு என்ன என்ற கேள்வி வந்தது. எனக்கு நின்றது வயதினால். இந்த வீட்டில் இருக்கிற இன்னொருத்திக்கு வயது பதினெட்டு. தரையில் கை ஊன்றி எழுந்தவள் அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டேன். அன்று வந்த பயம் இன்னும் போகவில்லை.

சனிக்கிழமை அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். வர மாட்டேன் என்று சண்டை போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை. பஸ்ஸில் வழி முழுக்க ஒரு பெரிய பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தாள். தாகம்போல என்று நினைத்தேன். வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் கனமான ஜாக்கெட் போட்டிருந்தாள், ஜீன்ஸ், தடித்த ஷூ. கிளினிக்கில் ஆள் குறைவாக இருந்த நேரம். மெஷினைக் காட்டி, வருகிறவர்களிடம் சொல்வது மாதிரியே சொன்னேன்.

"ஷூவைக் கழட்டிட்டு ஏறு பாப்பா."

"இருக்கட்டும்மா. என்ன ஆகப்போவுது?"

பன்னிரண்டு வருடத்தில் ஷூ இருக்கட்டும் என்று ஒரு பெண் என்னிடம் சொல்லிக் கேட்டதில்லை. தாலியைத் தூக்கிப் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எடை கூடக் காட்ட வேண்டும் என்று வருகிறவளைப் பார்த்ததில்லை. தண்ணீர் பாட்டில் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. நானே குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தேன். ஜாக்கெட்டைக் கழற்றினேன், அது கையில் இழுத்தது. இரண்டு பைகளிலும் இரண்டு பவர் பேங்க். உள்ளே அரைக்கைச் சட்டையில் என் மகள் நின்றாள். எத்தனை மாதமாக அவளை அரைக்கைச் சட்டையில் நான் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. முழங்கைதான் அந்தக் கையிலேயே பருமனான இடமாக இருந்தது. கையெல்லாம் பூனைமயிர் மாதிரி மெல்லிய ரோமம் முளைத்திருந்தது.

மெஷின் காட்டிய எண்ணை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் எங்காவது ஒரு பெண் அதைத் தன் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். அது எனக்குத் தெரியும்.

டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். நம்பாமல் இரண்டாவது முறையும் எண்ணினார். பிறகு நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டிக் காகிதத்தில் எடுத்துப் பார்த்தார். கடைசியாகப் பீரியட் எப்போது என்று ஆங்கிலத்தில் கேட்டார். "போன மாசம்" என்றாள் மகள். "இல்லை, செப்டம்பர்" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பிடிபட்ட ஒரு சின்னக் குழந்தையின் பயம் இருந்தது.

"நான் ஃபாஸ்டிங் டாக்டர். எங்க ரிலிஜன்" என்றாள் மெல்ல.

டாக்டர் என் பக்கம் திரும்பி, "இந்த விரதம் எப்போது முடியும்?" என்று கேட்டார். குத்திக் காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நாற்பத்தெட்டு நாள் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான், அது முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது என்று உறைத்தது.

பிறகு அவர் சொன்னவற்றில் பாதிதான் காதில் விழுந்தது. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வருகிறது, மாதவிலக்கை முதலில் அணைத்திருக்கிறது, எலும்பு தேயத் தொடங்கியிருக்கலாம். இதயம் ரொம்ப மெதுவாக அடிக்கிறது, தூங்கும்போது இன்னும் மெதுவாகும், மருத்துவமனையில் சேர்த்தாக வேண்டும். "திங்கட்கிழமை போகட்டுமா டாக்டர்?" என்று கேட்டேன். "இப்போதே. வீட்டுக்குப் போய்த் துணி எடுக்க வேண்டாம்" என்றார். பல பேருக்கு மருத்துவமனைக்கு எழுதும் அந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அன்று உறைக்குள் போகவே மாட்டேன் என்றது.

மருத்துவமனையில் பதினாறு நாள் இருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு திரை, அதில் இதயத் துடிப்பைக் காட்டும் ஓர் எண், அது இறங்கினால் மணி அடிக்கும். அவள் பகலில் கண் அயர்ந்தால்கூட நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தூங்கட்டும் என்று மனம் கெஞ்சும், தூங்காதே என்று வயிறு கத்தும். எழுப்பிவிடலாமா என்று எத்தனை தடவை கையை நீட்டியிருப்பேன் தெரியாது.

மூன்றாம் நாள் அரைக் கிண்ணம் தயிர்ச்சோறு வந்தது. நர்ஸ் பக்கத்தில் நின்றார். மகள் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நடிப்பில்லை, பாம்பைப் பிடிக்கச் சொன்னால் எப்படி நடுங்குவாளோ அப்படி நடுங்கினாள்.

"மா, இத சாப்டா திரும்பப் பழையபடி ஆயிடுவேன்மா."

"ஆனா ஆயிட்டுப் போவுது. பழையபடி இருந்தா என்ன பாப்பா?"

"நீங்கதானம்மா சொன்னீங்க."

"நான் என்ன சொன்னேன்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்பித்தாள். பதின்மூன்று வயதில் தேக்காவில் ரெடிமேட் கடைக் கண்ணாடி முன்னால்: "இந்த இடுப்புக்கு என் பாவாடையே பத்தாது போல." சின்னம்மா வீட்டு விருந்தில்: "ரெண்டாவது தடவை சோறு வாங்காதே லா, பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" பால்குடத்தன்று மஞ்சள் சேலையில்: "இப்பதான்டா எடுப்பா இருக்கே." அந்தப் போனில் ஓடிய பெண்களையெல்லாம் நான் திட்டியிருக்கிறேன். அவர்கள் யாரும் அவள் பெயர் சொல்லிப் பேசவில்லை. நான்தான் பேசியிருக்கிறேன். என்னைப் பூசணி என்று கூப்பிட்டவர்கள் மேல் எனக்கு இருந்த கோபத்தையெல்லாம் வைத்துக்கொண்டே இதையும் பேசியிருக்கிறேன். ஸ்பூனை வாங்கி நான் ஒரு வாய் சாப்பிட்டேன், பிறகு அவளிடம் நீட்டினேன். வெகு நேரம் கழித்து வாயைத் திறந்தாள்.

வீட்டுக்கு வந்த அன்றே தமிழ் நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். சஷ்டியும் கிருத்திகையும் இல்லாத வெறும் ஆங்கிலக் காலண்டரை மாட்டினேன். கணவர் தயங்கி, "சாமி குத்தமாயிடும்டி" என்றார். "குத்தம்னா அது என் மேல இருக்கட்டும்" என்றேன். நாத்தனாருக்குப் போன் போட்டு, இனிமேல் என் மகளைப் பார்த்தால் படிப்பைப் பற்றிக் கேள், வெயிலைப் பற்றிப் பேசு, உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, உன் பெண்ணிடமும் பேசாதே என்றேன். அவருக்குக் கோபம். இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

விளக்கேற்றும் வேலையை மட்டும் மகளிடமிருந்து வாங்கவில்லை. அவளே கேட்டுக்கொண்டாள், அதைச் செய்தால் மனசு நிலைக்கிறது என்றாள். சரி என்றேன். ஆனால் அன்றிலிருந்து என் பாடு சொல்லி மாளாது. நான் வீட்டில் இருக்கிற நாட்களில், ஏழு மணிக்கு அவள் தீக்குச்சி உரசும்போதெல்லாம், இன்றும் இல்லை என்று எனக்குக் கேட்கும். எந்த வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்து ஒருத்தி பயப்படுவாள்? நான் பயந்தேன். மே மாத வெசாக் விடுமுறை போனது, ஆடி போனது. டாக்டரம்மா, எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மற்றது உடம்புக்கு நம்பிக்கை வந்த பிறகுதான் வரும் என்றார். நம்பிக்கை வராமலே போனால் என்று நான் கேட்கவில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம், கிளினிக்கில் ஒரு பாட்டியம்மா வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. 'மா இன்னிக்கு நீங்க ஏத்துங்க.' எடையைக் குறித்துக்கொள்ள மறந்துவிட்டேன், பாட்டியம்மாவை இரண்டாம் முறை ஏறச் சொன்னேன். ரயிலில் வரும்போது அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆங் மோ கியோ வருவதற்குள் வேறொரு பயம் வந்துவிட்டது. நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லியிருந்தால்? ஜாக்கெட் பையில் பவர் பேங்க் வைத்தவள்தானே? வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றாமல் நேராகக் குளியலறைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன்.

பாக்கெட் பிரிந்திருந்தது. இரண்டு குறைந்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுதேன். மகளைச் சந்தேகப்பட்டதற்கும் சேர்த்து அழுதேன். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, ஒரு வருடத்துக்குப் பிறகு என் கையால் விளக்கேற்றினேன். அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "செக் பண்ணீங்களா மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ஓகே" என்றாள்.

அது நடந்து முப்பத்தெட்டு நாள் ஆகிறது. முதலில் ஒழுங்கில்லாமல்தான் வரும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் ஒரு தோசையைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தாள். வயிறு நிறைந்துவிட்டது என்றாள். நிறைந்திருக்கலாம். அடுத்த தைப்பூசத்துக்குக் கோயிலில் பேர் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. இன்று எனக்கு விடுமுறை, சாயங்காலம் ஏழு மணிக்கு அவள்தான் விளக்கேற்றினாள். பக்கத்தில் நின்ற நான் சாமியைக் கும்பிடவில்லை. தீக்குச்சியைப் பிடித்திருந்த அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.